வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாயைக் கொஞ்சலாமா?

கேள்வி இதுதான்: மூன்று வயது நாய், நல்ல சூட்டிகை, மற்ற நாட்களில் எதற்கும் அஞ்சாது. பட்டாசு வெடித்தால் மட்டும் குளியலறைக்குள் ஓடிப் போய் மூலையில் ஒடுங்கி நடுங்குகிறது, தட்டில் எதை வைத்தாலும் தொடுவதில்லை. போன வருடத்தைவிட இந்த வருடம் மோசம். இன்னும் மூன்று வாரத்தில் மறுபடி வெடி நாட்கள் வருகின்றன. சத்தத்தைப் பதிவு செய்து போட்டுப் பழக்கலாமா, பயந்திருக்கும்போது கொஞ்சினால் பயம் இன்னும் கூடும் என்கிறார்களே, அது உண்மையா?

கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சலாம். தாராளமாகக் கொஞ்சலாம். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்த நாய்க்கு ஒரு துண்டு கொடுத்தால் அது அடுத்த முறையும் உட்காரும், ஏனென்றால் உட்காருவது அது விரும்பிச் செய்கிற காரியம், லாபம் கிடைத்தால் திரும்பச் செய்யும். நடுக்கம் அப்படி இல்லை. இதயம் படபடப்பதும் எச்சில் ஒழுகுவதும் அதன் கையில் இல்லை. லிஃப்ட் பாதியில் நின்று நீங்கள் வெலவெலத்துப் போயிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டால், அந்த ஆறுதலுக்கு ஆசைப்பட்டு அடுத்த முறை இன்னும் அதிகமாகப் பயப்படுவீர்களா? அவ்வளவுதான் விஷயம். இந்தக் 'கண்டுகொள்ளாதே' அறிவுரையைக் கேட்டு என் முதல் நாயை இரண்டு வருடம் கட்டிலுக்கடியில் தனியாக நடுங்க விட்டவன் நான். அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை, அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஆனால் எப்படிக் கொஞ்சுகிறோம் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. 'ஐயோ, என் செல்லத்துக்கு என்னாச்சு' என்று நீங்களே பதறினால் அதற்கு இன்னொரு கவலை சேரும். பக்கத்தில் தரையில் உட்காருங்கள், சாதாரணக் குரலில் பேசுங்கள், மார்பிலோ தோளிலோ மெதுவாக, நீளமாகத் தடவுங்கள். அது உங்கள் மடியில் ஏறினால் ஏறட்டும். ஒதுங்கிப் போய் ஒளிந்துகொள்ள விரும்பினால் பின்னாலேயே போய் இறுக்கிக் கட்டிப்பிடிக்காதீர்கள், நிறைய நாய்களுக்கு அந்த இறுக்கமான அணைப்பே பிடிக்காது. கொஞ்சுவதால் பயம் கூடாது, சரி, ஆனால் கொஞ்சுவதால் மட்டும் பயம் குறைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அது துணை, வைத்தியம் இல்லை.

ஏன் ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகிறது என்று கேட்பீர்கள். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு அது 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்குப் போகும். நமக்குக் கேட்காத மெல்லிய ஒலியும் அதற்குக் கேட்கும். ஆனால் சத்தத்தின் அளவு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை, இதே நாய் ஓடும் மோட்டார் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கும். பட்டாசில் எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று எதுவும் தெரியாது. வெளிச்சம் வேறு, கந்தக வாசனை வேறு. ஓடித் தப்பிக்கலாம் என்றால் எந்தப் பக்கம் ஓடுவது என்றும் தெரியாது. பல சத்தங்கள் திரும்பத் திரும்பக் கேட்டால் பழகிப்போகும் என்பது உண்மைதான், ஆனால் பயம் ஒரு எல்லையைத் தாண்டிய பிறகு கேட்கிற ஒவ்வொரு சத்தமும் பழக்கத்துக்குப் பதிலாகப் பயத்தைத்தான் ஆழப்படுத்தும். அப்புறம் அது பரவவும் செய்யும்: முதலில் வெடி, பிறகு கதவு அறைவது, பிறகு வாளி விழுவது, கடைசியில் பொழுது சாய்ந்தாலே காதை மடக்கிக்கொள்ளும்.

ஒரே ஒரு மோசமான இரவு போதுமா என்றால், சில நாய்களுக்குப் போதும். 1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராடில் நேவா ஆற்று வெள்ளம் புகுந்தபோது, நாய்களைப் பழக்கி ஆராய்ந்த விஞ்ஞானி இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் மாட்டிக்கொண்டன. தண்ணீருக்கு மேல் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த நாய்களை ஆட்கள் வந்து மீட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்தால், சில நாய்கள் மாதக்கணக்கில் கற்றிருந்ததெல்லாம் கலைந்துபோயிருந்தது. அதில் ஒன்றைப் பொறுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின், கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள், அவ்வளவுதான், மறுபடி குலைந்துபோனது. எல்லா நாய்களுக்கும் அப்படி ஆகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு நாய் வெடிச்சத்தத்தில் குறட்டை விடுகிறதே என்று உங்கள் நாயைத் திட்டாதீர்கள், பிறவிக் குணம் பாதி, வளர்ந்த விதம் பாதி. நீங்கள் தனியாளும் இல்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 13,700 நாய்களைப் பற்றி விவரம் சேகரித்து 2020இல் வெளியிட்டதில், பயம் சார்ந்த எல்லாப் பிரச்சினைகளிலும் அதிகமாக இருந்தது சத்தத்துக்குப் பயப்படுவதுதான், 32 சதவீதம். மூன்று நாய்க்கு ஒன்று.

சரி, மூன்று வாரம் இருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் சத்தப் பதிவைப் போட்டுப் பழக்க ஆரம்பிக்காதீர்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள் என்பார்கள். அது நல்ல முறைதான், ஆனால் மாதக்கணக்கில் செய்ய வேண்டியது. தேதி நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் நாம் ஒலியைச் சட்டென்று கூட்டிவிடுவோம், நாய் மிரளும், ஏற்கெனவே இருக்கும் பயத்தின் மேல் நம் கையாலேயே இன்னொரு செங்கல் வைத்த மாதிரி ஆகிவிடும். பயிற்சி எல்லாம் வெடி நாட்கள் முடிந்த பிறகு. இப்போது செய்ய வேண்டியது இந்த வருடத்தை நாய் எவ்வளவு குறைந்த பயத்தோடு கடக்கும் என்று பார்ப்பது. அதற்கு முதல் ஆள் டாக்டர், இரண்டாவது அந்தக் குளியலறை.

டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். கடைசி நேரத்தில் போனால் அவசரத்துக்கு ஒரு மயக்க மாத்திரை கிடைக்கும், அவ்வளவுதான். முன்கூட்டியே போனால் இரண்டு நன்மை. ஒன்று, வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களின் விவரங்களை, மூட்டிலோ தசையிலோ வலி உள்ளவை பத்து, வலி இல்லாதவை பத்து என்று எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். வலியுள்ள நாய்களுக்குப் பயம் தொடங்கிய வயது மற்றவற்றைவிடச் சராசரியாக நான்கு வருடம் அதிகம். சின்ன ஆய்வுதான், ஆனால் காரணம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது: திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளி இறுகும்போது வலிக்கிற இடம் சுரீரென்று வலிக்கும், நாய் வலியையும் சத்தத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். உங்கள் நாய்க்கு மூன்று வயதுதான், இருந்தாலும் வருடத்துக்கு வருடம் கூடுகிறது என்கிறீர்களே, இடுப்பு, முழங்கால், காது, பல் எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஐந்தாறு வயது வரை எதற்கும் பயப்படாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பயப்பட ஆரம்பித்த நாயாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவதே வலியைத்தான்.

இரண்டாவது நன்மை, மருந்தை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கலாம். பதற்றத்தைக் குறைக்கும் மருந்து ஒவ்வொரு நாயிடமும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். டிராசோடோன், கபாபென்டின், ஆல்பிரசோலம் எல்லாம் டாக்டர்கள் இந்த மாதிரி நாட்களுக்கு எழுதிக் கொடுப்பவை. இதில் ஆல்பிரசோலம் வகை மருந்து சில நாய்களை அமைதிப்படுத்துவதற்குப் பதிலாகக் கிளப்பிவிட்டுவிடும், அது வெடி இரவில் தெரிந்து என்ன பயன்? அதனால் அமைதியான ஒரு நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, டாக்டர் சொன்ன அளவைக் கொடுத்து எத்தனை மணி நேரத்தில் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, தள்ளாடுகிறதா என்று குறித்து வையுங்கள். நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே அனுமதி பெற்ற மருந்துகளும் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் கூழாக வருகிறது, 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தடவ வேண்டும், விழுங்கிவிட்டால் பலன் குறைந்துவிடும், தடவும்போது நீங்கள் கையுறை போட வேண்டும். இமெபிடோயின் என்று இன்னொன்று, வலிப்புக்குக் கொடுத்துவந்த மருந்து, ஐரோப்பாவில் 2018இல் சத்தப் பயத்துக்கும் அனுமதித்தார்கள், வெடிக்கு இரண்டு நாள் முன்னாலேயே தொடங்க வேண்டும். உங்கள் ஊரில் எது கிடைக்கும், உங்கள் நாய்க்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எந்த மருந்தாக இருந்தாலும் முதல் வெடிக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். நாய் உச்சத்துக்குப் போன பிறகு கொடுத்தால் பாதி வீண்.

ஒரு மருந்தின் பெயரை மட்டும் நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அசெப்ரோமசின். மலிவு, பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது, கொடுத்தால் நாய் அசையாமல் படுத்துவிடும், நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அது உடம்பைத்தான் கட்டிப்போடுகிறது, பயத்தைத் தொடுவதில்லை, சத்தத்துக்கான கூச்சத்தைக் கூட்டக்கூடும் என்றும் நடத்தை மருத்துவம் பார்ப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். கை காலைக் கட்டிவிட்டுப் பேய்ப்படம் காட்டுவது மாதிரி. அதை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தால், 'இது பயத்தைக் குறைக்குமா, அசையாமல் மட்டும் வைக்குமா?' என்று மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அப்புறம், வீட்டில் இருக்கிற மனிதர்களுக்கான தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதையும் நீங்களாகப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனுமே நாய்க்கு விஷமாகலாம்.

மருந்து கொடுப்பது தோல்வி என்று நினைப்பவர்கள் உண்டு, முடிந்தவரை இயற்கையாகப் பார்க்கலாம் என்பார்கள். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிற நாய்க்கு மருந்து வேண்டாம், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுடையது சாப்பாட்டைத் தொடுவதில்லை, மணிக்கணக்கில் நடுங்குகிறது. அது லேசான பயம் இல்லை. கதவைப் பிறாண்டி நகம் பெயர்ந்த நாயையும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்த நாயையும் பார்த்திருக்கிறேன், இரண்டுமே அதற்கு முந்தைய வருடம் 'சும்மா நடுங்கிக்கொண்டுதான்' இருந்தன.

அடுத்தது குளியலறை. உங்கள் நாய் நல்ல இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது, சின்ன அறை, ஜன்னல் சிறியது, தெருவிலிருந்து தள்ளி இருக்கும். அங்கிருந்து இழுத்து வந்து ஹாலில் எல்லோரோடும் உட்கார வைக்க வேண்டாம். அந்த இடத்தையே இன்னும் நல்லதாக ஆக்குங்கள். இன்றே ஒரு பழைய மெத்தையையோ தடித்த போர்வையையோ அங்கே போடுங்கள், தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், தினமும் ஏதாவது கடித்துத் தின்ன அங்கேயே கொடுங்கள், வெடி நாளுக்கு முன்னாலேயே அது ஒரு நல்ல இடமாக இருக்கட்டும். ஜன்னலில் தடித்த துணி தொங்கவிடுங்கள், விளக்கைப் போட்டே வையுங்கள், வெளியே பளிச்சிடுவது அப்போது அவ்வளவாகத் தெரியாது. சோப்பு, கழுவும் திரவம் எல்லாவற்றையும் உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், பதற்றத்தில் நாய் எதையும் கடிக்கும். கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். பூட்டிய இடத்தில் மாட்டிக்கொண்டோம் என்று தோன்றிவிட்டால் அதே அறை பொறியாகிவிடும். கூண்டுக்கும் இதே விதிதான், தானாக உள்ளே போய்ப் படுத்தால் சரி, தள்ளி மூடாதீர்கள்.

மின்விசிறி, சலவை இயந்திரம் மாதிரித் தொடர்ச்சியான இரைச்சல் வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் மூடும். பாட்டுப் போடுவதாக இருந்தால் முரசு, மிருதங்கம் மாதிரி ஆழ்ந்த அடிச்சத்தம் உள்ளதாகப் போடுங்கள், வெடியின் 'தும்' என்ற அடிச்சத்தத்தை மறைக்க மெல்லிசையால் முடியாது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெடி இரவில் மட்டும் அந்தப் பாட்டைப் போட்டால் நாய் கெட்டிக்காரத்தனமாக 'பாட்டு வந்துவிட்டது, இனி வெடிதான்' என்று கற்றுக்கொள்ளும். ஆகவே இந்த மூன்று வாரமும் சும்மா இருக்கும் நேரங்களில் போடுங்கள்.

காதில் பஞ்சு வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உள்ளே தள்ளிவிட்டால் எடுக்கக் கஷ்டம், நாய்க்கும் பிடிக்காது, வேண்டாம். காதை மூடி அணிவிக்கிற உறைகள் இருக்கின்றன, இப்போதிருந்தே பழக்கினால் சில நாய்கள் ஏற்றுக்கொள்ளும். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டை சில நாய்களுக்கு உதவுகிறது, சில நாய்கள் அதைப் போட்டதும் சிலை மாதிரி உறைந்து நிற்கும், நாம் அதை அமைதி என்று நினைத்துக்கொள்வோம்.

இப்போது வெடிக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான், செலவில்லாதது, இந்த வருடமே செய்யக்கூடியது. சத்தம் கேட்ட உடனே, ஒவ்வொரு சத்தத்துக்கும், நாய்க்கு மிகப் பிடித்ததில் ஒரு சின்னத் துண்டு. அவ்வளவுதான். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் என்ற நிபந்தனை கிடையாது, குரைத்தாலும் சரி, நடுங்கினாலும் சரி, சத்தம் வந்தால் தீனி வரும். இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் சத்தம், பிறகு தீனி. தீனி முதலில் வந்து சத்தம் பிறகு வந்தால் நாய் உங்கள் கையையே சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கும். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் 1,225 நாய் வளர்ப்பவர்களிடம் எது பலன் தந்தது என்று கேட்டு 2020இல் வெளியிட்டார். இப்படிச் சத்தத்துக்குப் பிறகு தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் பலன் இருந்தது என்றார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. இறுக்கச் சட்டைக்கு 44. மணம் பரப்பும் கருவிகள், மூலிகைச் சொட்டு, ஹோமியோபதி வகையறாக்கள் எல்லாம் 27க்கும் 35க்கும் நடுவில், அதாவது எதையோ கொடுத்தோம் என்ற திருப்தியே தரக்கூடிய அளவு. வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்துச் செய்த கணக்கு என்பதை மறக்க வேண்டாம், இருந்தாலும் காசை எதில் போடுவது என்று முடிவு செய்ய எனக்கு அது போதும்.

'ஆனால் என் நாய்தான் சாப்பிடவே மாட்டேன் என்கிறதே' என்பீர்கள். அதனால்தான் மருந்தைப் பற்றி அவ்வளவு எழுதினேன். பிடித்த தீனியை மூக்கருகில் நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் பயம் தலைக்கு மேல் போய்விட்டது, அந்த நிலையில் எதுவும் கற்க முடியாது. மருந்து அந்தப் பயத்தைக் கழுத்தளவுக்காவது இறக்கிவிட்டால், தீனி வேலை செய்ய ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்துதான் பலன். தொடக்கத்தில் தூரத்தில் ஒன்றிரண்டு வெடி கேட்கும் நாட்கள் வருமே, பெரிய இரவுக்கு ஒரு வாரம் முன்னால், அந்த ஒற்றை வெடிகளைத் தவறவிடாதீர்கள், சட்டைப்பையில் எப்போதும் தீனி வைத்திருங்கள். நாய் ஒரு வெடி கேட்டதும் உங்கள் பையைத் திரும்பிப் பார்க்கும் நாள் வரும், அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது, சர்க்கரையில்லாத இனிப்புகளில் வரும் சைலிட்டால் கொஞ்சம் போனாலே நாய்க்கு ஆபத்து. பக்கத்தில் பயமில்லாத இன்னொரு நாய் இருந்தால் அதற்கும் சத்தத்துக்கு ஒரு துண்டு கொடுங்கள், பயம் வருவதற்கு முன்பே போடுகிற முதலீடு அது.

அன்றைக்கு நடையைப் பகலிலேயே முடித்துவிடுங்கள், நன்றாகக் களைத்துப்போகிற அளவுக்கு. இருட்டுவதற்கு முன் வெளிக்குப் போய்விட்டு வரட்டும். கழுத்துப்பட்டை மட்டும் போதாது, மிரண்ட நாய் பின்பக்கமாக இழுத்தால் தலை சுலபமாகக் கழன்று வந்துவிடும், உடம்பில் மாட்டுகிற ஹார்னஸ், அதிலும் ஒரு கயிறு, பட்டையிலும் ஒரு கயிறு. பட்டையில் தொலைபேசி எண் இருக்க வேண்டும். தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லான மைக்ரோசிப் போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண்ணில் உங்கள் இப்போதைய தொலைபேசி எண் பதிவாகி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், வீடு மாறியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். விருந்தாளி வந்து வாசல் கதவைத் திறக்கிற அந்த இரண்டு விநாடியில்தான் நிறைய நாய்கள் ஓடுகின்றன. பழக்கிவிடலாம் என்று மாடிக்குக் கூட்டிப்போய் வெடியைக் காட்டுவது, கட்டிப்போட்டு வெளியே விடுவது, குரைத்தால் அதட்டுவது, இதையெல்லாம் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மறுநாள் நாய் சோர்ந்து கிடக்கும், சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். இடியோசைப் பதிவைக் கேட்கவைத்து நாய்களின் எச்சிலில் கார்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோனை அளந்த ஒரு ஆய்வில், சத்தம் நின்று 40 நிமிடம் கழித்தும் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை, ஒரு இரவு முழுவதும் வெடி கேட்ட உடம்புக்குக் கேட்கவா வேண்டும். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எதுவும் வேண்டாம், ஒரு நாள் விட்டுவிடுங்கள். வெளியே கூட்டிப்போவதற்கு முன் வாசலில் வெடிக்காத பட்டாசு, எரிந்த மிச்சம் கிடந்தால் பெருக்கிவிடுங்கள். பச்சை வண்ணத்துக்குப் போடும் பேரியம் உப்பு நாயின் வயிற்றுக்குள் போனால் சாதாரண விஷயமில்லை, தின்றுவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்காமல் டாக்டர்தான்.

வெடி நாட்கள் ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும், அப்போது அந்தச் சத்தப் பதிவை எடுங்கள். இந்த முறையின் வேர் நாய்களிடம் இல்லை, ஒரு குழந்தையிடம் இருக்கிறது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு, அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டு முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான். அதை அவர் எழுதி வெளியிட்டதும் 1924தான், பாவ்லோவின் நாய்கள் வெள்ளத்தில் மாட்டிய அதே வருடம். நீங்கள் செய்யப்போவதும் அதேதான், முயலுக்குப் பதில் வெடிச்சத்தம், தூரத்துக்குப் பதில் ஒலி அளவு.

நாயின் காது மட்டும் லேசாக அசைய வேண்டும், உடம்பு இறுகக்கூடாது, அந்த அளவுக்கு ஒலியைக் குறைத்துத் தொடங்குங்கள். நமக்கே சரியாகக் கேட்காது, அதுதான் சரியான அளவு. ஒரு சத்தம், ஒரு துண்டு, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். சத்தம் கேட்டதும் 'எங்கே என் பங்கு' என்று உங்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு புள்ளி கூட்ட வேண்டும், அதுவும் இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்த பிறகு. கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது, வாலைத் தாழ்த்துகிறது, துண்டை வெடுக்கென்று பிடுங்குகிறது என்றால் கூட்டியது அதிகம், பின்னால் வாருங்கள். இதைக் குளியலறையில் செய்யவே செய்யாதீர்கள், அது அதன் புகலிடம், அங்கே சத்தம் வரக்கூடாது. கைபேசி ஸ்பீக்கரில் அந்த அடிவயிற்றுச் சத்தம் வராது, பதிவுக்குப் பழகிய நாய் நிஜ வெடிக்கு மிரளுவதற்குப் பாதிக் காரணம் அதுதான், ஆகவே பாதித் தூரம் போன பிறகு பெரிய ஸ்பீக்கருக்கு மாறி அங்கே மறுபடி குறைந்த ஒலியிலிருந்து தொடங்குங்கள். அறையை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள். இடிக்குப் பயப்படும் நாய்க்கு இது இவ்வளவு நன்றாக வேலை செய்யாது, மின்னல், காற்று, மழை வாசனை எல்லாம் சேர்ந்து வருகிற ஒன்றைப் பதிவில் கொண்டுவர முடியாது.

இன்னொன்றையும் பக்கத்திலேயே நடத்துங்கள்: ஒரு பாயைப் போட்டு அதில் உடம்பைத் தளர்த்திப் படுப்பதற்குப் பழக்குவது. தானாகத் தலையைத் தரையில் வைத்தால் மெதுவாக ஒரு துண்டு, மூச்சு நீண்டால் இன்னொரு துண்டு. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பெர்ன் கணக்கில் இதைச் செய்தவர்களும் 69 சதவீதம் பலன் சொன்னார்கள், வெறும் சத்தப் பதிவுப் பயிற்சிக்கு 55. வருடம் முழுவதும் கதவு அறைவதற்கும் வாளி விழுவதற்கும் பயந்துகொண்டே இருக்கும் நாய்க்கு ஃப்ளுவாக்ஸெடின், குளோமிப்ரமின் போலத் தினமும் கொடுக்கிற மருந்தும் உண்டு, பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரமாவது ஆகும், உங்களுடையதற்கு இப்போது அது தேவைப்படாது என்றுதான் தோன்றுகிறது.

நாளை காலை டாக்டரிடம் நேரம் கேளுங்கள். போகும்போது, வெடிச்சத்தத்தில் அது நடுங்கிய பழைய காணொளி ஏதாவது கைபேசியில் இருந்தால் எடுத்துப் போங்கள், மேசையில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் நீங்கள் மிகைப்படுத்துவதாகத்தான் தோன்றும். திரும்பி வரும் வழியில் கதவுக்குக் கீழே செருகுகிற ரப்பர் ஆப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அன்று இரவு யாராவது அவசரத்தில் அந்தக் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டால் நாய் வெளியே நின்றுவிடும்.